மிச்சோவாகானின் அவகாடோவும் இரண்டு ஊர்களும்

மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்து அவகாடோ விவசாயத்தைப் பற்றிப் படிக்கப் புகுந்த நான், பழத்தை விட்டுவிட்டு ஊர்களிடம் சிக்கிக்கொண்டேன். எரிமலை மண்ணும் மலைக்குளிரும் சேர்ந்து வாய்த்த அந்தச் சரிவுகளில் ஹாஸ் ரக மரங்கள் ஆண்டுக்குப் பலமுறை பூக்கின்றன. முற்றிய காயோ பறிக்கும்வரை பழுக்காமல் மாதக்கணக்கில் கிளையிலேயே நிற்கும் என்பதால், விலை இறங்கும்போது விவசாயி சற்றுப் பொறுத்திருக்க முடிகிறது. கூலியாட்களுக்கும் ஆண்டின் பெரும்பகுதி வேலை கிடைக்கிறது. நுனியில் கத்தியும் அதனடியில் பையும் பொருத்திய நீண்ட கழியால் அவர்கள் காம்பை நறுக்க, காய் நேராகப் பைக்குள் விழுகிறது. தரையில் விழுந்த காய் அமெரிக்க ஏற்றுமதிக்கு ஆகாது.

பூச்சிகளைக் காரணம் காட்டி 1914 முதல் மெக்சிகோ அவகாடோவைத் தடுத்து வைத்திருந்த அமெரிக்கா, 1997-இல் அதைக் குளிர்கால மாதங்களில் 19 மாநிலங்களுக்கு மட்டும் அனுமதித்து, பின்னர் படிப்படியாகத் தளர்த்தியது. பணம் கொழித்தது, அதை மோப்பம் பிடித்து மாமூல் கேட்கும் கும்பல்களும் வந்தன. தன்சீதரோ என்ற ஊரில் 2013-இல் தற்காப்புக் குழுக்கள் கும்பலை விரட்டியடித்தன. அதன்பின் அமைந்த உள்ளூர்க் காவல் படையின் செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்களே ஏற்றனர்.

அதே மாநிலத்தில் புரெபெச்சா பழங்குடியினர் வாழும் செரான் வேறு வழியில் போயிற்று. காட்டைத் திருட்டுத்தனமாக வெட்டிச் சென்ற லாரிகளை 2011 ஏப்ரல் 15 அன்று அவ்வூர்ப் பெண்கள் மறித்தனர். தெருமுனைதோறும் தீமூட்டி இரவெல்லாம் காவல் இருந்தனர். கட்சிகளை வெளியேற்றிவிட்டு, நான்கு பேட்டைகளுக்கும் தலா மூவராகப் பன்னிருவர் கொண்ட மன்றத்தின் கையில் ஊரை ஒப்படைத்தார்கள். வெட்டிய இடங்களில் மீண்டும் பைன் கன்றுகளை நடும் அவர்கள், வணிக அவகாடோத் தோட்டங்களை உள்ளே விடுவதில்லை. பைன் காடு அழிந்த சரிவில் அடுத்து வருவது பெரும்பாலும் அவகாடோதான் என்பதைச் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

செரானைப் புகழ்வது எளிது. ஆனால் அங்கே வருமானத்துக்கு வழி குறைவு, பலர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறார்கள். தன்சீதரோவில் வேலை உண்டு. ஆயினும் தோட்டக்காரர் பணத்தில் நடக்கும் காவல், காய் பறிப்பவனின் வீட்டையும் அதே அக்கறையோடு காக்குமா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. 2022 பிப்ரவரியில், ஏற்றுமதிக் காய்களைச் சோதிக்கும் அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால் இறக்குமதி ஒரு வாரம் நிறுத்தப்பட்டபோது, தோட்டக்காரரின் காய் மரத்திலேயே பத்திரமாக இருந்திருக்கும்; பறிப்பவனின் நாட்கூலிக்கு அந்த வசதி கிடையாது.