சிப் செய்யப் போகிறவர்கள் சாப்பை மறக்காதீர்கள்

கெடா மாநிலத்துப் பீடோங்கில் ரப்பர் பாலைச் சோதிக்க மெல்லிய வாய்க்கால் ஓடும் மைக்ரோ சிப் வேண்டும் என்றால், குலிம் ஹை-டெக் பார்க் பக்கத்தில்தானே என்று தோன்றும். 1996-இல் திறந்த பார்க்தான். ஆனால் அங்குள்ள பெரிய ஆலைகள் பத்து பீஸ் வேலைக்குச் சரிப்படாது. நுண்தொழில்நுட்ப ஆய்வு மையம்தான் வழி. விண்ணப்பம், கொட்டேஷன், பணம் எல்லாம் ஈமெயிலிலேயே முடிந்தது. இடித்தது கவுண்டரில்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது, கம்பெனி சாப், அதாவது முத்திரை, இல்லை. "சாப் இல்லாம பைல் திறக்க முடியாது" என்றார்கள். பாரத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத் தோட்டத்துக் கிராணியே (குமாஸ்தாவே) பரவாயில்லை என்றாகிவிட்டது. சாப் அடித்துக்கொண்டு திரும்பிப் போனால், ரப்பர் பால் போத்தலைப் பார்த்துவிட்டு, பாதுகாப்புத் தரவுத் தாள் எங்கே என்றார்கள். இது நியாயமான கேள்வி. அதிக அமோனியா பாலில் 0.6 விழுக்காட்டுக்குக் குறையாமல் அமோனியா இருக்கும். பால் வாங்கும் ஆலையிடமே தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில்தான் அதிகம் பேர் மாட்டுவார்கள். ஆட்டோகேட் கோட்டுக்கு அகலம் கிடையாது; வாய்க்காலின் இரு கரையையும் வரைந்து, முனைகளை மூடிய பாலிலைனாக (தொடர்கோடாக) கொடுக்கவேண்டும். ஒரு முனை திறந்திருந்தாலும் மாஸ்க் (ஒளியை மறைத்து உருவத்தைப் பதிக்கும் தகடு) செய்யும் மென்பொருள் அந்த உருவத்தையே விட்டுவிடும். அலகு மைக்ரான் என்று எழுதிக் கொடுங்கள். சிப்புக்கான அச்சைச் செய்யும் எஸ்யூ-8 ரெசிஸ்ட் என்ற பிசினில் ஒளி பட்ட இடம்தான் நிற்கும். ஆகவே மாஸ்க் கறுப்பாகவும் வாய்க்கால் மட்டும் தெளிவாகவும் இருக்கவேண்டும். 50 மைக்ரான் வாய்க்காலுக்கு பிலிம் மாஸ்க் தாராளம், விலை கூடிய குரோம் மாஸ்க்குக்குத் தலையாட்டாதீர்கள்.

சுத்த அறைக்குள் பவுடர், திருநீறு, பூ எதுவும் கூடாது. காகிதமும் கூடாது.

அந்த அச்சில் ஊற்றிச் சிப் வார்க்கும் பி.டி.எம்.எஸ். சிலிக்கோனையும் கெட்டிப்படுத்தியையும் எடையில் 10-க்கு 1 கலந்து, குமிழி போக்கி, 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தும் பிசுபிசுத்தால் கையுறையைச் சந்தேகியுங்கள். ரப்பர் கையுறையில் உள்ள கந்தகம், சிலிக்கோனைக் கெட்டியாக்கும் பிளாட்டின வினையூக்கியைக் கெடுத்துவிடும். ரப்பர் ஊர்க்காரர்கள் வினைல் கையுறை கேட்டு வாங்கவேண்டிய நிலை! குறைந்த அமோனியா பாலில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் டி.எம்.டி.டி. என்ற மருந்திலும் கந்தகம் உண்டு. பால் சிந்திய மேசையில் வார்க்காதீர்கள்.

பாலை வெறும் தண்ணீரில் கலக்காமல் அமோனியா நீரில் கலந்து செலுத்துங்கள். சிலிக்கோன் சுவர் வழியே ஆவி கசிவதால் பால் உள்ளேயே உறைந்துவிடும். சோதனை முடிந்த கையோடு அதே நீரில் கழுவவேண்டும். காய்ந்துவிட்டால் சிப் குப்பைக்குத்தான். அதனால் ஒரே அச்சில் கூடுதலாகச் சில வார்த்துத் தரக் கேளுங்கள். எங்களிடம் அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.