தௌலியில் இல்லாத கலிங்கப் போர்

கலிங்கம் என்றதும் எல்லோரும் புவனேசுவரம் பக்கத்திலுள்ள தௌலிக்குத்தான் ஓடுகிறார்கள். பாறையில் பாதி உடல் வெளிவந்த யானையைப் பார்த்துவிட்டு, போரைச் சொல்லும் கல்வெட்டு இதுதான் என்று எழுதியும் விடுகிறார்கள். தவறு.

1 லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், 1.5 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதையும் சொல்வது அசோகரின் 13ஆம் பாறைக் கட்டளை. உத்தராகண்டின் கால்சி, பாகிஸ்தானின் ஷாபாஸ்கடியில் அதை வாசிக்கலாம். தௌலியிலும், கலிங்கத்தின் இன்னொரு கல்வெட்டுத் தலமான ஜௌகடாவிலும் 11, 12, 13 மூன்றுமே கிடையாது. பதிலுக்குத் தனிக் கட்டளைகள் இரண்டு: 'எல்லா மனிதரும் என் பிள்ளைகள்' என்று கலிங்க நகரங்களான தோசலி, சமாபாவின் அதிகாரிகளுக்குச் சொன்னவை. தோற்ற மக்களிடம் போய்ப் பிணக்கணக்கைப் படித்துக்காட்ட எந்த அரசன் விரும்புவான்?

நமக்குச் சுவையானது புவனேசுவரம் பக்கத்து உதயகிரியின் ஹாத்திகும்பா குகைக் கல்வெட்டு. அசோகருக்குப் பின்வந்த கலிங்க அரசன் காரவேலனின் 17 வரிகள். தமிழர் கூட்டணியை உடைத்ததாகப் பெருமை வேறு. அக்கூட்டணியின் வயது 113 ஆண்டுகளா, 1300ஆ என்பதில் சண்டை ஓயவில்லை. எழுத்து அவ்வளவு தேய்ந்திருக்கிறது.