ரேக் நம்பர் தெரியாத அண்ணன்

சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்றால் தரையிலிருந்து சீலிங் வரை ரேக், அதற்கு மேல் பரண், நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. எங்கள் கடையும் அப்படித்தான். நான் பில் போடுகிறவன். சரக்கு எடுத்துத் தருவது கவுண்டரில் நிற்கிற அண்ணன். மெக்கானிக் கடைப் பையன் வாசலில் நின்று, "அண்ணே, 6203 பேரிங் ரெண்டு, பல்சர் க்ளட்ச் கேபிள் ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி தூரம் போயிருப்பார். 6202, 6203 இரண்டுக்கும் அட்டை டப்பா ஒரே நிறம், ஒரே எழுத்து. உள்ளே இருக்கிற பேரிங்கின் துளை ஒன்றுக்கு 15 மில்லிமீட்டர், மற்றதுக்கு 17. அண்ணன் லேபிளைப் பார்ப்பது டப்பாவைக் கையில் எடுத்த பிறகுதான், அதுவும் ஒரு சரிபார்ப்புக்காக.

ஸ்டாக் எடுக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லீவு. முதலாளி போன் போட்டு, ஒரு ஆயில் சீல் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கேட்டார். "சொல்லத் தெரியல சார், வந்தா எடுத்துடுவேன்." முதலாளி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படிப் படவில்லை.

மார்வின் சுன், யுஹோங் ஜியாங் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திரை முழுக்கச் சாய்ந்து கிடக்கும் 'எல்' எழுத்துகள், அவற்றுக்குள் ஒரே ஒரு 'டி'. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகள் கிடக்கும் சில அமைப்புகளை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவற்றில் ஆட்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். ஆனால் பிறகு, இதை ஏற்கெனவே பார்த்தீர்களா என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வந்தது. மறு வருஷம் சுன், எலிசபெத் ஃபெல்ப்ஸ் என்பவருடன் சேர்ந்து, மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றிய பகுதியும் பாதித்து ஞாபகம் போனவர்களைச் சோதித்தார். பழக்கத்தால் அவர்களுக்கும் வேகம் கூடியது. திரும்ப வந்த அமைப்பால் கிடைக்கும் கூடுதல் வேகம் மட்டும் வரவில்லை. நாம் மொத்தமாகக் 'கைப்பழக்கம்' என்று சொல்வது ஒரே சரக்கு இல்லை போல.

இதை அப்படியே கடைக்குள் கொண்டுவர முடியாது என்பதும் உண்மைதான். நிஜமான இடங்களின் படங்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஆட்களுக்கு அந்த இடம் நன்றாகவே நினைவிருந்தது. அண்ணனுக்கும் சைலென்சர் எங்கே, டயர் எங்கே என்று தெரியும், கேட்டால் சொல்வார். இந்தச் சின்னச் சின்ன டப்பாக்கள்தான் அவர் வாய்க்கு வராமல் கண்ணோடு நிற்கின்றன.

அப்புறம் கடைக்கு சாஃப்ட்வேர் வந்தது. கம்பெனி வாரியாக எல்லாவற்றையும் மாற்றி அடுக்கி, ரேக்குக்கு நம்பர் ஒட்டினார்கள். புதுப் பையன் திரையைப் பார்த்துவிட்டு நேராகப் போய் எடுக்கிறான். அண்ணன் பழைய இடத்துக்குப் போய், அங்கே ஹெட்லைட் பல்பைப் பார்த்து ஒரு நொடி நின்று, திரும்பி வருகிறார். வயசாயிடுச்சு என்று முதலாளி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். கடையையே புரட்டிப் போட்டுவிட்டு ஆளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

தேடுகிற பொருளுக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் மாறாமல் இருந்தாலே அந்த வேகம் ஓரளவு கிடைக்கும் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் முதலாளியிடம், "ரேக்கை எங்கே வேண்டுமானாலும் நகர்த்துங்க சார், உள்ளே இருக்கிற வரிசையைக் கலைக்காதீங்க" என்றேன். கேபிள் ரேக்குக்கு மட்டும் சரி என்றார். பேரிங்கும் ஆயில் சீலும் கம்பெனி வாரியாகத்தான் இருக்க வேண்டுமாம், ஆடிட்டருக்கு அதுதான் வசதியாம்.