வயிறு நிறைந்தும் தேறாத பிள்ளைகள்

மலாவி நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில், ஒரே வீட்டில், ஒரே தாயிடம், ஒரே மக்காச்சோளக் கூழை உண்டு வளரும் இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று நலமாக இருக்க, மற்றொன்று கால்கள் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து குவாஷியோர்கர் என்னும் கடும் ஊட்டக்குறை நோய்க்கு ஆளாவதுண்டு. உணவு போதாமை மட்டுமே காரணம் என்றால் இரண்டு குழந்தைகளும் அல்லவா நோயுற்றிருக்க வேண்டும்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், மலாவியின் 317 இரட்டையர் இணைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. ஏறத்தாழ பாதி இணைகளில் இரு குழந்தைகளும் நலமாக இருந்தனர்; 43 விழுக்காட்டில் ஒரு குழந்தை மட்டும் கடும் ஊட்டக்குறைக்கு உள்ளானது; இரண்டும் பாதிக்கப்பட்டவை 7 விழுக்காடுதான்.

இத்தகைய இரட்டையரின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களை, எந்தக் கிருமியும் அண்டாத கூண்டுகளில் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் சேர்த்து, அவற்றுக்கு மலாவியின் வழக்கமான உணவைக் கொடுத்தபோது, நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் வெகுவாக மெலிந்தன. நலமான குழந்தையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளுக்கு அந்த அளவு இழப்பு நேரவில்லை. நிலக்கடலையும் பால்மாவும் கலந்த சிகிச்சை உணவைக் கொடுத்தவுடன் மெலிந்த எலிகளும் தேறின. ஆனால் பழைய உணவுக்குத் திரும்பியதும் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. குறையுள்ள உணவும் குறையுள்ள நுண்ணுயிர்க் கூட்டமும் ஒன்றுசேரும்போதே கேடு முற்றுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. எலி குழந்தையாகாது என்ற எச்சரிக்கை எனக்கு எப்போதும் உண்டு. எனினும் அடுத்து டாக்காவில் நடந்தவை மனிதக் குழந்தைகளிடமே காணப்பட்டவை.

குழந்தையின் குடலிலுள்ள பாக்டீரியாக் கூட்டமும் குழந்தையைப் போலவே பருவம் பருவமாக வளர்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சிலவகைச் சர்க்கரைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை உண்டு செழிப்பவை பிஃபிடோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள். இணை உணவு தொடங்கியதும் தானியம், பருப்பு, காய் ஆகியவற்றின் நார்ப்பொருள்களைச் சிதைக்கவல்ல வேறு இனங்கள் மெல்லக் குடியேறி, இரண்டு மூன்று வயதுக்குள் கூட்டத்தின் அமைப்பு பெரியவர்களுடையதை நெருங்குகிறது. டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தாமீத் அகமதும் கார்டனும் இணைந்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகளின் மலத்திலுள்ள 24 வகை பாக்டீரியாக்களின் அளவைக் கொண்டே குழந்தையின் வயதை ஓரளவு கணித்துவிடலாம் என்று கண்டனர். அந்த அளவுகோலைக் கடும் ஊட்டக்குறையுள்ள குழந்தைகளிடம் பொருத்திப் பார்த்தபோது, அவர்களின் நுண்ணுயிர் வயது உண்மையான வயதைவிடப் பின்தங்கியிருந்தது. நிலக்கடலைச் சிகிச்சை உணவாலும், உள்ளூர் கிச்சுரி, அல்வா ஆகியவற்றாலும் அந்தப் பின்னடைவு சற்றே சீரடைந்து, உணவை நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலைக்கே சரிந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகள் ஏன் வயதுக்கேற்ற வளர்த்தியை எட்டுவதில்லை என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிடத் தெளிவான விளக்கத்தை அதற்குமுன் எவரும் தந்ததில்லை.

இந்த இடத்தில் அவர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எத்தனை கலோரி கொடுக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, பின்தங்கிய பாக்டீரியாக்கள் எவற்றை விரும்பி உண்ணும் என்று தேடத் தொடங்கினார்கள். வங்கதேசத்து வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பொருள்களை முதலில் எலிகளிடமும், பின்பு பன்றிக்குட்டிகளிடமும், இறுதியில் குழந்தைகளிடமும் சோதித்துத் தேர்ந்தெடுத்த கலவையில் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை விழுது, வாழைக்காய் ஆகிய நான்கும் முதன்மையானவை. அவற்றோடு சர்க்கரை, சோயா எண்ணெய், நுண்ணூட்டச் சத்துகள். நம் சமையலறைகளில் இல்லாத பொருளென்று சோயா மாவைத் தவிர எதையும் சொல்வதற்கில்லை.

டாக்காவின் மிர்ப்பூர் குடிசைப் பகுதியில் 12 முதல் 18 மாத வயதுடைய, மிதமான ஊட்டக்குறை கொண்ட 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தக் கலவையையும், மற்றதற்கு அரிசி, பருப்பு, பால்மாவு சேர்ந்த வழக்கமான துணையுணவையும் நாளுக்கு இருவேளை வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். வழக்கமான துணையுணவில் நாளொன்றுக்கு 247 கலோரி இருந்தது. புதிய கலவையில் 204 மட்டுமே. இருந்தும் உயரத்துக்கேற்ற எடையின் வளர்ச்சி வேகம், குறைந்த கலோரி உண்ட குழந்தைகளிடம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. எடை கூடுவதோடு சேர்ந்து பெருகிய 21 வகை பாக்டீரியாக்களும், எலும்பு வளர்ச்சி, நரம்பு வளர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புள்ள புரதங்களின் உயர்வும் இரத்தப் பரிசோதனை உள்ளிட்ட ஆய்வுகளில் பதிவாயின. 2021-இல் வெளிவந்த இந்த முடிவை ஒரு புரட்சி என்று கொண்டாடியவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது, காலம் குறுகியது, வேகம் இருமடங்கு என்றாலும் எடையில் கூடிய அளவு மிதமானதே, அந்த மூன்று மாதங்களில் உயரத்தில் பெரிய வேறுபாடும் தென்படவில்லை. ஆனாலும் குறைந்த கலோரியே கூடுதல் பலன் தந்தது என்ற ஒரு செய்தியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கெட்ட கிருமிகளைக் கொன்றுவிட்டால் போதுமே என்ற யோசனையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. மலாவியில் கடும் ஊட்டக்குறையுள்ள 2,767 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை உணவோடு ஒரு வாரம் அமாக்சிசிலின் என்னும் பாக்டீரியாக்கொல்லி மருந்தைப் பெற்றவர்களுள் இறப்பு 4.8 விழுக்காடாகவும், வெற்று மருந்து பெற்றவர்களுள் 7.4 விழுக்காடாகவும் இருந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் நைஜரில் நடந்த ஆய்விலோ, அதே மருந்தால் குழந்தைகள் தேறும் விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆகவே உயிருக்கு ஆபத்தான தொற்று உள்ள இடத்தில் மருந்து காக்கிறது. குடலின் நுண்ணுயிர்க் கூட்டத்தை வயதுக்கேற்ப முதிரச் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

குடலின் சுவரையும் மறந்துவிடக் கூடாது. பார்வைக்கு நலமாயிருக்கும் தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் உறிஞ்சும் முளைகள் குட்டையாகிக் கிடப்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மத்தான் ஆகியோர் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். அசுத்தமான சூழலில் ஓயாமல் உட்செல்லும் கிருமிகளால் குடல் அழற்சியுற்று, உண்டது உடலில் ஒட்டாமல் போகிறது. அப்படியானால் கழிப்பறையும் தூய நீரும் கொடுத்தால் குழந்தை வளருமா என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பெரிய அளவில் சோதித்தபோது, அவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. எளிய வசதிகள் அந்தச் சூழலின் அசுத்தத்தைப் போதிய அளவு குறைக்கவில்லை என்பது பலர் கூறும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இதையெல்லாம் வீட்டில் பேசும்போது, "அப்படியானால் மருந்துக்கடையில் விற்கும் புரோபயாட்டிக் பொடியை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?" என்று உறவினர் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. பொடியிலுள்ள பாக்டீரியா எந்த இனம், எந்த வயதில், எந்த உணவோடு என்பதைப் பொறுத்தே விடை அமையும். வங்கதேசத்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட, கடும் ஊட்டக்குறை கொண்ட சிசுக்களுக்குப் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் கொடுத்தபோது அவர்களின் எடை கூடியது. ஆனால் அது தாய்ப்பாலின் சர்க்கரைகளை உண்ணக்கூடிய இனம், ஆகவே தாய்ப்பால் குறைந்த, கஞ்சி உண்ணும் பிள்ளையின் குடலில் அதே பலனை எதிர்பார்ப்பதற்கில்லை.

மிர்ப்பூர் ஆய்வின் தொடர்ச்சியாக 2024-இல் வெளியான ஆய்வு, அந்தக் கலவையிலுள்ள சிக்கலான தாவரச் சர்க்கரைகளைச் சிதைக்கும் திறன் பெற்ற பிரிவோடெல்லா கோப்ரி என்னும் பாக்டீரியாவின் சில வகைகள், குழந்தைகளின் எடை கூடுவதோடு சேர்ந்து நிற்பதைக் காட்டியது. குறிப்பிட்ட சர்க்கரை அமைப்புகளே பலனுக்குக் காரணம் என்று உறுதிப்படுமானால், கொண்டைக்கடலை விளையாத, வாழை வளராத நாடுகளிலும் அதே அமைப்புகளைக் கொண்ட உள்ளூர்ப் பயிர்களைத் தேடி அவரவருக்கேற்ற கலவையை உருவாக்க முடியும்.