எங்கள் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தோம்

தத்தெடுத்த பிள்ளைக்கு, காலமெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே இரு என்கிற மாதிரியான பெயரை வைக்கக் கூடாது. இந்த ஒன்றில் நானும் என் கணவரும் தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தோம். பெண் பிள்ளை ஒன்று வரப்போகிறாள் என்று தெரிந்ததும் உறவினர்கள் அன்போடு சொன்ன பெயர்களில் பாதி அந்த வகைதான்: அருளினி, கிருபாளினி, வரப்பிரசாதினி. வயிற்றில் சுமந்த பிள்ளைக்கு அருளினி என்று வைத்தால் அது நல்ல பெயர், அவ்வளவுதான். எடுத்து வளர்க்கிற பிள்ளைக்கு அதையே வைத்தால் ஊர் வேறு விதமாக வாசிக்கும். "உனக்கு இப்படி ஒரு வீடு கிடைத்ததே அருள்" என்று யாராவது ஒருநாள் அவளிடமே சொல்வார்கள். உண்மையில் அருள் கிடைத்தது எங்களுக்கு. அதை அவள் பெயராகச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறோம். இலங்கையில் தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. பொதுவாக எடுக்கிறவருக்கு 25 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் விண்ணப்பித்தோம். உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கிணறு, கழிவறை, படுக்கை அறை எல்லாம் பார்த்து, அயலவர்களிடமும் பேசி அறிக்கை எழுதினார். பிறகு காத்திருப்பு. அந்தக் காலத்தைப் பற்றி எழுதப் போனால் அது தனிக் கதையாகிவிடும். பிள்ளை கைக்கு வந்து, நீதிமன்றத்துக்கான பத்திரங்களைத் தயாரிக்கும்போது சட்டத்தரணி கேட்டார்: "நீதிமன்றம் தரும் தத்தெடுப்புக் கட்டளையில் என்ன பெயர் போடுவது? முடிவு செய்து எழுத்தில் தாருங்கள்."

வழக்கமாகப் பிறந்த பிள்ளை என்றால் 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்துவிடுவார்கள். சாத்திரியார் நட்சத்திரத்தைப் பார்த்து முதலெழுத்தைச் சொல்லிவிடுவார், பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் பிள்ளை அந்த 31ஆம் நாளைத் தாண்டித்தான் வந்தாள். அவள் பிறந்த நேரம் எங்களுக்குத் தரப்பட்ட ஆவணங்களில் இல்லை. சாதகம் எழுத முடியாது. மாமிக்கு இது பெரிய குறையாகவே இருந்தது. "நேரம் தெரியாமல் நாளைக்குக் கலியாணம் எப்படிப் பேசுவது?" என்று கேட்டார். எனக்கு அது ஒரு விடுதலையாகப் பட்டது. எந்த எழுத்தும் எங்களைக் கட்டிப்போடவில்லை, தமிழ் முழுவதும் எங்களுக்குத் திறந்திருந்தது.

மச்சாள் எண் சாத்திரப்படி கூட்டிப் பார்த்து ஒரு பட்டியல் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரு ஷாவோ க்ஷியோ இருந்தது. அவருடைய பிள்ளையின் வகுப்பு இடாப்பை வாசித்தால் ஒரே பெயரை ஓரெழுத்து மாற்றி மாற்றிச் சொல்வதுபோல் கேட்கும். எனக்கு வேண்டியது புதுமையான பெயர் அல்ல. பழைய பெயர், ஆனால் வகுப்பில் இன்னொருத்திக்கு இருக்காத பெயர். அவள் வளர்ந்து தன் பெயரின் வேரைத் தேடிப் போனால் அங்கே யாராவது இருக்க வேண்டும். இரத்த உறவின் வழி அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மொழியின் வழியாவது நீளமாகப் பின்னால் போகட்டும் என்று நினைத்தேன்.

என் கணவர் தமிழ் ஆசிரியர். சங்கப் பெண் புலவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார். வெள்ளிவீதி, நக்கண்ணை, நச்செள்ளை, ஆதிமந்தி, இளவெயினி, நன்முல்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே இன்பம். ஆனால் பெயர் என்பது பார்ப்பதற்கு மட்டும் அல்லவே. அம்மா ஒரு சோதனை வைத்தார். வீட்டு வாசலில் நின்று, வளவின் கோடியில் கிணற்றடியில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒவ்வொரு பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். நச்செள்ளை தொண்டையிலேயே நின்றுவிட்டது. நக்கண்ணை என்றதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியடிக்கு வந்து சிரித்தார்கள். ஆதிமந்தியில் மந்தி இருக்கிறது, பாடசாலையில் அவளை அழவைத்துவிடுவார்கள். நன்முல்லை நன்றாகப் போனது. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகைப் பாட்டுகளை என் கணவருக்கு மிகவும் பிடிக்கும். சில நாட்கள் எங்கள் வாயில் அவள் நன்முல்லையாகத்தான் இருந்தாள்.

அம்மாவுக்கு மட்டக்களப்புப் பெயர் வேண்டும். கலிங்கத்திலிருந்து வந்து மண்முனையில் குடியேறியதாக நம் பக்கத்து மரபுக் கதை சொல்லும் உலகநாச்சியின் பெயரைச் சொன்னார். ஆடகசவுந்தரி என்ற அரசியின் பெயரையும் சொன்னார். இரண்டும் கம்பீரமானவை. ஆனால் அரசிகளின் பெயரில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவர்கள் கதைகளில் ஊர் இருக்கிறது, ஆட்சி இருக்கிறது, எங்கள் பிள்ளை வந்த வழி இல்லை.

வைகாசி வந்தது. நம் பக்கத்தில் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்கு. செட்டிபாளையத்திலும் மகிழூரிலும் அப்பால் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கோயில்கள் களைகட்டும். கல்யாணக்கால் நட்டு, கண்ணகியின் கதையான வழக்குரை பாடி, கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு முடியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் அம்மா சொன்னார்: "ஊருக்கே தாய் என்கிறோம். அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளை இருக்கவில்லையே."

என் கணவர் சட்டென்று, "மாதவி அப்படிச் சொல்லவில்லையே" என்றார். சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில், மகளை ஆடலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்தவளிடம் மாதவி மறுத்துப் பேசும் இடம் இருக்கிறது. அங்கே அவள் மணிமேகலையைத் தன் மகள் என்று சொல்வதில்லை. மதுரையை எரித்த மாபெரும் பத்தினியின் மகள் என்று சொல்கிறாள். பெற்றவள் தன் வாயாலேயே இன்னொருத்தியின் மகள் என்று சொல்கிறாள். சொன்னதால் அவளுடைய தாய்மை குறைந்துபோகவும் இல்லை. ஒருத்திக்கு இரண்டு தாய்மார் இருக்கலாம், ஒருத்தி மற்றவளை மறைக்க வேண்டியதில்லை என்பதை நம் மொழி எவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது! நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நன்முல்லையை விட்டுக்கொடுக்க என் கணவருக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மணிமேகலை என்பது நம் அம்மாமார் தலைமுறையில் கேட்ட பெயர். இன்று கைக்குழந்தைகளுக்கு வைப்பதை நான் காணவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் இவள் வயதில் யாருக்கும் இல்லாத பெயர். நான் தேடியது இதைத்தான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பெரியம்மா நேரே வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது பிள்ளைமேல் உள்ள அக்கறையில் வந்தது. "மணிமேகலை துறவியாகப் போனவள். அது போகட்டும். அவள் கணிகையின் மகள். இந்தப் பிள்ளை எங்கே பிறந்தாள், யாருக்குப் பிறந்தாள் என்று ஏற்கெனவே வாய் மெல்லுகிறவர்களுக்கு நீயே அவலை அள்ளிக் கொடுக்கிறாயா?"

என் கணவர் அவரை உட்காரவைத்து அதே காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையைச் சொன்னார். பெற்றவள் விட்டுப்போன குழந்தை அவன். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டியது. பிறகு இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்தான். அவன் வளர்ந்து வேள்விப் பசுவைக் காப்பாற்றியபோது, ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அவன் தலைகுனியவில்லை. பசுவின் மகன், மானின் மகன் என்று சொல்லப்படும் முனிவர்களைக் காட்டி, அவர்களை மட்டும் ஏன் கும்பிடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டான். அந்த ஆபுத்திரன் கையில்தான் அமுதசுரபி முதலில் இருந்தது. பின்னாளில் அது மணிமேகலையின் கைக்கு வந்தது. எடுத்து வளர்க்கப்பட்டவன் விட்டுப்போன பாத்திரத்தை ஏந்தித்தான் அவள் பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பிறப்பைச் சொல்லி ஒருவரைக் குறைக்க முடியாது என்று இவ்வளவு உரக்கச் சொன்ன கதை வேறு எனக்குத் தெரியாது. ஊர் வாய் திறக்கத்தான் போகிறது. அந்த நேரம் அவளுடைய பெயருக்குள்ளேயே பதில் இருக்கட்டும்.

பெரியம்மா முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் போகும்போது பிள்ளையின் கன்னத்தைத் தடவி "மணி" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

இதோடு சேர்ந்து வந்த இன்னொரு கேள்வி குடி, அதாவது குலம். மட்டக்களப்பில் குடி தாய்வழி. வயிற்றுவாரில் போகும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழக்கம் இது. கோயில் உரிமைகளும் பெரும்பாலும் குடியைப் பார்த்தே வரும். என் வயிற்றில் பிறக்காத பிள்ளைக்கு எந்தக் குடி என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அம்மா பதில் சொல்ல ஒரு நொடியும் எடுக்கவில்லை: "என் மகளின் மடியில் வளர்கிற பிள்ளைக்கு என் குடி. வேறு எந்தக் குடி?" பழைய மரபுகளைக் கட்டிக்காக்கிற அம்மா அப்படிச் சொன்னதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

பெற்றவள் வைத்த பெயரை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு மிகவும் கனமான விடயமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் இருந்தது. புதுப் பெயர் வைத்தால் பழையது தானாகப் போய்விடும், நல்லதுதானே என்று சிலர் சொன்னார்கள். அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணால் தன் மகளுக்குத் தர முடிந்தவற்றில் அவள் கூடவே வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை அழிக்க எங்களுக்கு என்ன உரிமை? நன்னடத்தை உத்தியோகத்தரும் இதையே மென்மையாகச் சொன்னார். வளர்ந்தபின் பிள்ளைகள் தங்கள் பழைய பத்திரங்களைக் காணும்போது, முன்பு இருந்த பெயர் இப்போதும் இருந்தால் அது அவர்களுக்கு ஆறுதல் என்றார். ஆகவே முழுப் பெயரில் அதையும் சேர்த்தோம். அப்பாவின் பெயர், பிறகு மணிமேகலை, அதன்பின் அந்தப் பெயர். அதை நான் இங்கே எழுதவில்லை. யாரிடம் சொல்வது என்பதை அவளே பிறகு முடிவு செய்யட்டும்.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல வேண்டும். பெயரை விண்ணப்பம் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கட்டளைக்குப் பிறகு தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான தனிப் பதிவேட்டில் பதிவாளர் நாயகம் திணைக்களம் பதிகிறது. அங்கே போன பிறகு ஓரெழுத்தைத் திருத்துவதும் அலைச்சல். பெயரைத் தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆங்கில எழுத்தை யாரோ ஒருவர் தன் பழக்கப்படி போட்டுவிடுவார். மணியும் மேகலையும் ஒரே சொல்லா, இடைவெளி விட்ட இரண்டு சொல்லா என்பதுகூடப் பின்னால் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் தொல்லை தரும். நாங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தட்டெழுதிய ஒரே தாளைச் சட்டத்தரணிக்கும் உத்தியோகத்தருக்கும் கொடுத்தோம். மணிமேகலை சிங்கள எழுத்தில் சிதையாமல் வரும், அதில் ழ இல்லை. யாழினி, எழிலரசி போன்ற பெயர்களை விரும்புகிறவர்கள் அந்த ழகரம் மற்ற மொழிகளில் என்னவாகிறது என்று எழுதிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

கட்டளை கிடைத்த அன்று நீதிமன்ற எழுதுநர் பெயரை உரக்க வாசித்துச் சரிபார்த்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓரெழுத்தும் பிசகவில்லை. கையொப்பமிட்டுவிட்டு வந்தோம்.