நந்திக்கடல் தண்ணீரில் உப்புப் பார்த்த ஆறு மாதம்

ஆவணியில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில், வட்டுவாகல் பாலத்தடியில் தண்ணீர் அள்ளி, உப்புமானிக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டேன். 46 காட்டியது. கடல்நீரே ஆயிரத்துக்கு 35 அளவுதான். கருவி பிழையாக்கும் என்று நினைத்தேன். வீட்டில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் பார்த்தால் சுழியம். மணல்திட்டைத் தாண்டிப் போய்க் கடலில் அள்ளினால் 34. கருவி சரி. களப்பு கடலோடு சேரும் தொடுவாய் அடைபட்டுக் கிடக்க, வெயிலும் சோளகக் காற்றும் ஆழமில்லாத நீரை உறிஞ்சி உப்பை மட்டும் விட்டு வைத்திருக்கின்றன.

அடையாளம் கீறி ஊன்றிய அளவுத்தடியில் அந்த நாட்களில் கடலின் பெருக்கும் வற்றும் தெரியவேயில்லை. காற்று தண்ணீரை ஒரு கரைக்கு ஒதுக்கும்போது மட்டும் இரண்டு விரல் ஏறி இறங்கியது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இனி உப்பு விழுந்துவிடும் என்று ஓடினேன், 41. எங்கள் தலைக்கு மேல் பெய்த மழை போதவில்லை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்து, களப்பில் விழும் பேராறு கலங்கி வந்த பிறகுதான் 4 ஆனது. எனக்குச் சரியான சந்தோசம். வீச்சுவலையோடு நின்ற ஐயா சொன்னார்: "தம்பி, மேல்தண்ணியைப் பாத்து ஏமாறாதை. அடியிலை இன்னும் கரிக்கும்."

போத்தலில் கல்லுக் கட்டி, தக்கைக்கு வேறு கயிறு போட்டு இறக்கினேன். முதல் இரண்டு தரமும் தக்கை பாதியிலேயே கழன்றது. மூன்றாம் தரம் அடித்தண்ணீர் வந்தது: 29. நன்னீர் பாரம் குறைவு, உவர்நீருக்கு மேலே படுத்துக்கிடக்கிறது. காற்றில்லாத நாள், கலக்க ஒன்றுமில்லை. அதுவரை எழுதிய மழைக்காலக் கணக்கில் மேல்தண்ணீர் மட்டுமே இருந்ததை நினைக்க மனம் கஷ்டப்பட்டது.

கார்த்திகையில் தொடுவாய் திறந்தது. ஒரே இரவில் நீர்மட்டம் இறங்கியது. வெள்ளம் வேகமாகப் போன நாட்களில் பெருக்கு உள்ளே ஏறவில்லை, ஓட்டத்தைக் கொஞ்சம் தணித்தது, அவ்வளவுதான். வெள்ளம் வடிந்த பிறகு தடி உயிர்பெற்றது. நாளுக்கு இரண்டு ஏற்றம், அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி. மார்கழிப் பறுவத்தன்று, முழுநிலவு நாளில், மணிக்கொருதரம் அள்ளினேன். பெருக்கு வரும்போது அடிப்போத்தலில்தான் முதலில் உப்பு ஏறியது. மேலே ஏற இன்னும் இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

தை அமாவாசைக்கு இரண்டாவது தடியைப் பேராறு விழும் பக்கமாக ஊன்றப் போகிறேன். பெருக்கு அவ்வளவு தூரம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.