ரீபூட் செய்து பாருங்கள்: லினக்ஸ் அட்மின் வேலையை நான் கற்றுக்கொண்ட விதம்

லினக்ஸ் அட்மின் (லினக்ஸ் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பவர்) ஆக எங்கிருந்து தொடங்குவது என்று மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பி.காம் படித்தவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னணி கிடையாது, அதனால் அடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இது ஒத்துவரும் என்று நம்புகிறேன்.

முதல் நான்கு மாதம் நான் வீடியோ மட்டும்தான் பார்த்தேன். சொல்லிக்கொடுப்பவர் டைப் செய்வார், நான் நோட்டில் எழுதுவேன், எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அந்த நம்பிக்கையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேள்வி எதுவும் கேட்காமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "இந்த சர்வர்ல டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு, என்னன்னு பாருங்க" என்றார்கள். டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட் போட்டேன், 50 ஜிபி டிஸ்க் முழுக்க நிரம்பியிருந்தது. எந்த டைரக்டரி (ஃபோல்டர்) இடத்தைத் தின்கிறது என்று டியு கமாண்ட் போட்டுப் பார்த்தால் எல்லாம் சேர்த்தே 18 ஜிபிதான் வருகிறது. மீதி 32 ஜிபி எங்கே? கை ஓடவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கேள்வி கேட்டவரே பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார், அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒரு ஃபைலை நீக்கினால் முதலில் போவது அதன் பெயர்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருக்கும் டேட்டா டிஸ்க்கைவிட்டு நகராது. யாரோ பெரிய லாக் ஃபைலை (நடப்பதைப் பதிந்துவைக்கும் ஃபைல்) ஆர்எம் போட்டு நீக்கியிருக்கிறார்கள், அதில் எழுதிக்கொண்டிருந்த சர்வீஸ் (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டியு பெயர் பெயராகப் போய் எண்ணுவதால் அதற்கு அந்த ஃபைல் தெரியாது, டிஎஃப், டிஸ்க்கில் ஃபைல்களைக் கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்பதால் அதற்குத் தெரியும். எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் 32 ஜிபி திரும்பி வந்துவிட்டது. ஆர்எம் என்ற கமாண்டை நான் முதல் வாரமே படித்திருந்தேன். அது உள்ளே என்ன செய்கிறது என்பதை நான்கு மாதமாக நான் கேட்டதே இல்லை.

அன்று மாலையே வீடியோவை நிறுத்தினேன். 8 ஜிபி ரேம் இருந்த பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ரெட் ஹேட் லினக்ஸை ஒத்த அல்மாலினக்ஸில் இரண்டு விஎம் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) உருவாக்கினேன், ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க். ரெட் ஹேட் லினக்ஸே வேண்டுமென்றால் அவர்களுடைய டெவலப்பர் சந்தா இலவசம்தான். உபுண்டுவில் தொடங்கினாலும் தப்பில்லை, ஆனால் ஒன்றில் நில்லுங்கள், வாரத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள். மினிமல் இன்ஸ்டால் போடுங்கள், மவுஸ் பிடிக்க இடமே இருக்கக் கூடாது. இரண்டு விஎம் ஏன் என்றால் எஸ்எஸ்ஹெச் (இன்னொரு மெஷினுக்குள் தொலைவிலிருந்து லாகின்), என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வு), ஃபயர்வால் எல்லாம் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இருந்தால்தான் விளங்கும். இன்ஸ்டால் முடிந்ததும் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் நகல், பிறகு அதற்குத் திரும்பலாம்) எடுத்து வையுங்கள். அது இருக்கிற தைரியத்தில்தான் எதையும் உடைத்துப் பார்க்க முடியும்.

நான் முதலில் உடைத்தது எஃப்எஸ்டேப், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல். புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்து, பார்டிஷன் பிரித்து, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு, மவுண்ட் செய்தேன் (ஒரு டைரக்டரியோடு இணைத்தேன்), வேலை செய்தது. ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கட்டும் என்று எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதினேன், டிஸ்க்கின் அடையாளக் குறியீடான யுயுஐடியைக் கையால் அடித்ததில் ஒரு எழுத்து மாறிவிட்டது. ரீபூட் செய்தால் அந்த டிஸ்க்குக்காக 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் (பழுதுபார்க்க மட்டும் திறக்கும் நிலை) போய் நின்றுவிட்டது. முதல் தடவை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது, ஆனால் திரும்பவில்லை. ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், சிஸ்டத்தின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் சிவப்பாக இருந்த வரிகளைப் பொறுமையாகப் படித்தேன். எந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்து அலுத்துப்போனது என்று அதுவே எழுதி வைத்திருந்தது. பிஎல்கேஐடி கமாண்ட் போட்டுச் சரியான யுயுஐடியை ஒப்பிட்டுத் திருத்தினேன், எழுந்துவிட்டது. அன்றிலிருந்து எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன்னால், அதில் உள்ளதையெல்லாம் மவுண்ட் செய்து பார்க்கும் மவுண்ட் மைனஸ் ஏ கமாண்டை ஓட்டாமல் விடுவதில்லை. தப்பு இருந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது சொல்லிவிடும்.

ரீபூட்தான் எனக்கு ஆசிரியர். சர்வீஸை ஸ்டார்ட் செய்துவிட்டு, பூட்டில் தானாகத் தொடங்கும்படி எனேபிள் செய்ய மறந்தது, ஃபயர்வாலில் பெர்மனென்ட் போடாமல் போர்ட் திறந்தது, ஹோஸ்ட்நேமை (மெஷினின் பெயர்) தற்காலிகமாக மாற்றியது, எல்லாவற்றையும் ரீபூட் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒரு ரீபூட் போடுங்கள், போட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள்.

அப்புறம் பர்மிஷன். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டத் தெரிந்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைலுக்கு 644 இருக்கிறது, எல்லோரும் படிக்கலாம், ஆனாலும் வெப் சர்வர் படிக்க மாட்டேன் என்கிறது. உடனே எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடுகிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். அந்த ஃபைல் யாரோ ஒருவருடைய ஹோம் டைரக்டரிக்குள் இருக்கும், அந்த ஹோமுக்கு 700 இருக்கும், அதாவது உரிமையாளருக்கு மட்டும் அனுமதி. டைரக்டரியில் எக்ஸ் பிட் (அந்த 1) இல்லாவிட்டால் அதைத் தாண்டி உள்ளே போகவே முடியாது, உள்ளே இருக்கும் ஃபைலுக்கு என்ன அனுமதி இருந்தும் பயனில்லை. நேம்ஐ மைனஸ் எல் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, பாதையில் உள்ள ஒவ்வொரு படியின் பர்மிஷனையும் வரிசையாகக் காட்டும், பலருக்கு இது தெரிவதில்லை.

பர்மிஷனுக்கு மேலே இன்னொரு பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை அணைத்துவிடு என்று சொல்லும் நண்பர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். அணைக்காதீர்கள், அது தடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஏன் என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபைலிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். ஒரு ஃபைலை எம்வி (நகர்த்தல்) செய்தால் பழைய லேபிளோடு போகும், சிபி (நகலெடுத்தல்) செய்தால் சேரும் இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதி குழப்பம் போய்விடும், மீதிக்கு லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கமாண்ட் இருக்கிறது.

இப்படி ஏழு மாதம் பழகியபின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ (ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் லினக்ஸ் அட்மின் சான்றிதழ் தேர்வு) எழுதினேன், தேர்வின் குறியீடு இஎக்ஸ்200. கொள்குறி வினா எதுவும் கிடையாது, நிஜமான சிஸ்டத்தைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ரெட் ஹேட் தரும் ஐஎஸ்ஓ ஃபைலை (பூட் செய்யக்கூடிய சிஸ்டம் நகல்) பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்க வேண்டும், கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். லேப்டாப், கேமரா, நெட் எல்லாம் ஒத்துவருகிறதா என்று நாலைந்து நாள் முன்னாலேயே சோதித்துவிடுங்கள். என்ன கேள்வி வந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். பாடத்திட்டம் அவர்களுடைய தளத்திலேயே வரிவரியாக இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் ஒரு பயிற்சியாக மாற்றுங்கள்.

தேர்வுக்குள் இணையம் கிடையாது, மேன் பேஜ் (சிஸ்டத்திலேயே இருக்கும் கமாண்ட் கையேடு) உண்டு. அதனால் கடைசி இரண்டு மாதம் கூகுளைத் தொடாமல் மேன் பேஜை மட்டும் வைத்துப் பழகினேன். நேராகக் கடைசியில் உள்ள எடுத்துக்காட்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள், பல கமாண்டுகளுக்கு வேண்டியது அங்கேயே இருக்கும். நீங்கள் செய்த வேலை ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பது விதி. நேரம் முடிய அரைமணி இருக்கும்போது டைப் செய்வதை நிறுத்திவிட்டு ரீபூட் செய்து முதலிலிருந்து சோதித்தேன், ஒரு மவுண்ட் வரவில்லை, திருத்த நேரம் இருந்தது. ரூட் பாஸ்வேர்டை மீட்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பூட்டைத் தொடங்கிவைக்கும் க்ரப்பில் நிறுத்தி, பாஸ்வேர்டு மாற்றி, லேபிள்களை மறுபடி ஒட்டச் சொல்லும் ஆட்டோரீலேபிள் ஃபைலை உருவாக்க மறந்தால், பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ ஃபைலின் லேபிள் கெட்டுப்போய், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் லாகின் ஆகாது.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பட்டியல் அதில் வேண்டாம். என்ன கோளாறு தெரிந்தது, முதலில் எங்கே பார்த்தேன், உண்மையான காரணம் எங்கே இருந்தது என்று மூன்று வரி போதும். என்னுடையதில் 140க்கு மேல் இருக்கிறது, வேலையில் சேர்ந்தபிறகும் எழுதுகிறேன்.

கூடவே படிக்கிற நண்பர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் விஎம்மை அவரிடம் கொடுத்து, எதையாவது கெடுத்து வை என்று சொல்லுங்கள், என்ன செய்தார் என்று கேட்காமல் கண்டுபிடியுங்கள். என் நண்பன் ஒரு தடவை, பர்மிஷனை மாற்றும் சிஹெச்மோட் கமாண்டின் எக்ஸ் பிட்டையே எடுத்துவிட்டான், சிஹெச்மோட் ஓடாமல் சிஹெச்மோடைச் சரிசெய்ய வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. விடையை இங்கே எழுதவில்லை, விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு நீங்களே முயன்று பாருங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது.